சார்பாக வந்தவர்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குப் பொழுது போகாவிட்டால் குடிகளுக்குத் தூக்கம் போய்விடும் என்றிருந்த நாளில், குணவீரன் என்றொரு மன்னன் இருந்தான். கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர் அவனிடம் ஒரு புதுமையைச் சொல்லிவிட்டுப் போனார். சில தேசங்களில் ஊரார் கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுப்பார்களாம். அவர் சபையில் பேசினால் ஊரே பேசியதாக அர்த்தமாம். ஒழுங்காகப் பேசாவிட்டால் ஊரார் அவரை மாற்றிவிடுவார்களாம்.

மன்னனுக்கு நடுவில் சொன்னது மட்டும் பிடித்திருந்தது. முன்னும் பின்னும் காதில் ஏறவில்லை. மறுநாளே எல்லா ஊர்களுக்கும் தானே பிரதிநிதிகளை நியமித்தான். அத்தனை பேரும் மந்திரி வாணராயரின் உறவுக்காரர்கள். அரண்மனையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் ஊரில் பசியே இல்லை என்று சபையில் சொன்னார்கள்.

அந்தச் சபையின் விகடகவி ஏகம்பன். ஊரையே சிரிக்க வைப்பவனுக்கு அந்த நாளில் சிரிப்பு வரவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன அவன் மனைவி அழகம்மைக்குப் பெண் பிறந்திருந்தது. அவர்கள் வழக்கத்தில் தகப்பன்தான் குழந்தையின் காதில் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். ஏகம்பன் விடுப்புக் கேட்கும்போதெல்லாம் மன்னன் ஒரு மாதம் விழா என்பான், அடுத்த மாதம் வேட்டை என்பான். குழந்தை தவழத் தொடங்கிவிட்டாள் என்று செய்தி வந்தது. இன்னும் பெயரில்லை. யார் மூக்கு, யார் கண் என்று நினைத்து நினைத்தே அவன் உருகிக்கொண்டிருந்தான்.

மறுபடி விடுப்புக் கேட்ட அன்று வாணராயர் குறுக்கே வந்தார். மன்னன் ஏகம்பன்மேல் வைத்த பிரியம் நெடுநாளாக அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

"மன்னா, பிரதிநிதி முறை இருக்கும்போது விகடகவி எதற்குப் போக வேண்டும்? அவர் சார்பாக நான் பார்த்து வருகிறேன்" என்றார். மன்னனும் பிரமாதம் என்று தலையாட்டினான்.

போனார், வந்தார். ஏகம்பன் சார்பாகக் குழந்தையைப் பார்த்தாயிற்று, இனி அவருக்கு விடுப்பே தேவையில்லை என்று சபையில் அறிவித்தார். குழந்தை யார் சாயல் என்று ஏகம்பன் கேட்டான். குழந்தைச் சாயல்தான், வெயிலாக இருந்ததால் பல்லக்கை விட்டு இறங்கவில்லை என்றார் மந்திரி. சபை சிரித்தது. ஏகம்பன் கண்ணை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், விகடகவி அழுதால் அதையும் விகடம் என்றுதான் நினைப்பார்கள்.

அப்போது அரசியும் ஊரில் இல்லை. நோயுற்ற தந்தைக்குத் துணையிருக்கப் போனவள் மழைக்காலம் முழுவதும் திரும்பவில்லை. வருகிறாள் என்று தெரிந்ததும் மன்னன் உப்பரிகையிலேயே குடியிருந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல்லக்கு கோட்டைக்குள் நுழைந்ததும் இறங்கி ஓடிவந்தான். வாணராயரும் பின்னாலேயே ஓடிவந்தார். அந்தப்புர வாசலில் ஏகம்பன் வழிமறித்து நின்றான்.

"தாங்கள் சிரமப்பட வேண்டாம், மன்னா. தங்கள் சார்பாக அரசியாரை வரவேற்றுவிட்டேன். தாங்கள் பார்த்ததாகவே ஆயிற்று."

மன்னன் முகம் சிவந்தது. ஆனாலும் கோபத்தைவிட ஆசை முந்திக்கொண்டது. "எப்படி இருக்கிறாள்?"

"இளைத்திருக்கிறார்கள். மன்னர் வேளைக்கு உண்கிறாரா என்று கேட்டார்கள். உண்கிறேன் என்று தங்கள் சார்பாகச் சொன்னேன். கண் கலங்கினார்கள். தங்கள் சார்பாகச் சிரித்தேன்."

"என் சார்பாகச் சிரிக்க உன்னை யார் அனுப்பியது? அவள் கண் கலங்கினால் பக்கத்தில் நிற்க வேண்டியவன் நான்."

"அதுதான் என் கேள்வியும், மன்னா. என் மகளைப் பார்க்க வாணராயரை நான் அனுப்பவில்லை. பசியைச் சொல்ல அவர் உறவினர்களை ஊரார் அனுப்பவில்லை. நாங்கள் அனுப்பாதவர் எப்படி எங்கள் பிரதிநிதி ஆவார்? நாங்களே தேர்ந்தெடுத்து அனுப்பினால் அவர் எங்கள் குறையைச் சொல்லலாம், வரியைக் குறைக்கக் கேட்கலாம். ஏக்கத்தை மட்டும் அவரவர்தான் போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டும்."

கதவுக்குப் பின்னால் அரசி சிரிப்பது கேட்டது. மன்னனும் சிரித்துவிட்டான். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். இனி ஊரார் தங்கள் ஆளைத் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும், பிடிக்காவிட்டால் மாற்றட்டும் என்று அங்கேயே ஆணையிட்டான். பதவி போன தன் உறவினர்களை வீடுவரை நடத்தி அழைத்துப்போய் விட்டுவரும் வேலை வாணராயருக்குக் கிடைத்தது. ஏகம்பனுக்கு விடுப்பும் மன்னனின் குதிரையும் பரிசு. அவன் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் மன்னன் அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டான்.

குதிரை மாமனார் வீட்டு வாசலில் நின்றது. ஏகம்பன் மகளைத் தூக்கினான். தெரியாத முகத்தைக் கண்டு அவள் வீறிட்டு அழுதாள்.

"அந்தப் பல்லக்குக்காரரு வந்தப்ப இவ அழவே இல்லைங்க" என்றாள் அழகம்மை, சங்கடத்தோடு.

"அவரு யாரோதானே. இத்தனை நாளா வராம இருந்தது நான். என்கிட்டதானே அழணும்."

மகள் அழுது தீரும்வரை தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தான். பிறகு அவள் காதருகே குனிந்து பெயரைச் சொன்னான்.