நீர்நாயின் பாயில் உட்கார்ந்தவர்கள்

"அது பூசுற எண்ணெய்! வாயில ஊத்தப் போறீரே!"

நர்ஸ் நீர்க்கோழி பாய்ந்து வந்து தட்டிவிட்டாள். இலைத்தொன்னை கவிழ்ந்து கறுப்பு எண்ணெய் மண்ணில் ஓடியது. நீர்நாய் சுடலை தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அந்த எண்ணெய் அவன் மனைவி பேச்சியின் தொண்டைக்குள் இறங்கியிருக்கும்.

குடிக்கிற கஷாயம் பச்சை. பூசுகிற எண்ணெய் கறுப்பு. ஒன்பது நாளாக இரண்டையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். எது எதற்கென்று தெரியாதவன் இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் ஆள் தூங்கிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் விஷயம்.

சத்தம் கேட்டு நாரை டாக்டர் வந்தார். அது குளத்தங்கரை மருதமரத்தடியில் இருக்கிற ஆஸ்பத்திரி. நாற்பது நோயாளிக்கு ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். அதனால் அங்கே ஒரு சட்டம் உண்டு. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் படுக்கை. மருந்து கொடுப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது எல்லாம் அந்த ஆள் பாடு. அந்த ஆளுக்குச் சோறு உண்டா, தூக்கம் உண்டா என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

"இன்னொரு தடவை மருந்து மாறினாலும் சரி, நேரம் தப்பினாலும் சரி, உம்ம வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போயிரும்" என்றார் டாக்டர். "இங்க வச்சு அவளைச் சாகடிக்க நான் ஆளில்லை."

மீன்வலையில் சிக்கிப் பேச்சியின் பின்னங்கால் எலும்பு முறிந்திருந்தது. புண் ஆறுவதற்கு முன்னால் வளைக்குத் திரும்பினால் கால் அழுகிவிடும். நீந்த முடியாத நீர்நாய் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

அப்படியானால் தூங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். எங்கே தூங்குவது?

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒருமுறை போய்த் தலையைக் காட்டிவிட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த கல்யாணம், காதுகுத்து வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் காடே வந்தது. சுடலைக்கென்று இருந்தது ஒரே ஒரு கோரைப்பாய். வந்தவர்கள் எல்லாரும் அதில்தான் உட்கார்ந்தார்கள். சுடலை நின்றான்.

குரங்குச் சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். கொண்டுவந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தில் பிள்ளைகள் தின்றதுபோக இரண்டு மிஞ்சின. நீர்நாய்க்கு மீன்தான் சாப்பாடு என்பது ஒருத்தர் நினைப்பிலும் வரவில்லை. ஆமை அத்தை, வலையில் சிக்கினது எப்படி என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சுடலை சொன்னான். சொல்லி முடிக்கும்போது ஆமை மாமா வந்து சேர்ந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னான். உடும்புப் பெரியவர், மேட்டுக்காட்டு வைத்தியரிடம் போகாமல் இங்கே சேர்த்ததே தப்பு என்று சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சுடலைதான் போய் மொண்டு வந்தான்.

எழுந்து போகும்போது மட்டும் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்.

"எதுனாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

சுடலையும் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னான். இருக்கட்டும், பரவாயில்லை. வேறென்ன சொல்வான்? கேட்டவர் அதற்குள் பாதித் தூரம் போயிருப்பார். அதோடு அவனுக்குள் ஒரு வீம்பும் இருந்தது. பேச்சியைத் தன்னைப்போல யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது என்று நினைத்தான். உதவி கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்றும் நினைத்தான். பேச்சி தின்று மிச்சம் வைத்ததைத் தின்றான். சில நாள் மிச்சமே இருக்காது.

எண்ணெய் கொட்டின அன்றைக்கு மத்தியானம் முள்ளம்பன்றி ஆண்டி வந்தான். பக்கத்து வளைக்காரன். ஒன்பது நாளாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று காடு முழுக்க அவன் பேச்சுத்தான். சுடலைக்கும் மனத்தாங்கல் இருந்தது.

ஆண்டி நலம் விசாரிக்கவில்லை. பாயில் உட்காரவும் இல்லை.

"எந்திரிலே. வீட்டுக்குப் போய்த் தூங்கு."

"இத்தனை நாளா எங்கலே இருந்தே?"

"மூணாம் நாளே வந்தேன். உன் பாயில ஆறு பேர் இருந்தாங்க. ஏழாவது ஆளா உட்கார்ந்து நான் என்னத்தைக் கிழிக்கப் போறேன்னு திரும்பிட்டேன். அது என் தப்புதான். அந்த ஆறு பேரையும் கிளப்பி விட்டிருக்கணும்."

சுடலைக்குக் கோபம் வந்தது. பத்தாம் நாள் வந்து நின்றுகொண்டு அதிகாரம் பண்ணுகிறானே! பேச்சியைத் திருப்பிப் போட வேண்டும், துடைத்துவிட வேண்டும், உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிறவனால் அது ஆகிற காரியமா என்று கேட்டுவிட்டான். ஆண்டி திரும்பித் தன் முதுகைப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு அது வலித்தது.

படுக்கையிலிருந்து பேச்சி சொன்னாள்.

"முள்ளு முதுகுலதான இருக்கு. கை முன்னாலதான இருக்கு."

சுடலை திரும்பினான். அவள் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தான்.

"நான் கண்ணை மூடிக்கிட்டா நீங்களும் கொஞ்சம் தூங்குவீங்கன்னு நாலு நாளா மூடிக்கிட்டுக் கிடக்கேன்" என்றாள் பேச்சி. "நீங்க தூங்கலை. நின்னுக்கிட்டே ஆடுறீங்க. எப்ப என் கால் மேல விழப் போறீங்களோன்னு எனக்கும் தூக்கம் இல்லை. போங்க."

சுடலை ஆண்டிக்கு வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். மரத்து நிழல் எதிரே இருக்கிற கல்லைத் தொட்டால் பச்சைக் கஷாயம். துடைத்துவிட்டுத்தான் கறுப்பு எண்ணெய். இடது பக்கம்தான் திருப்ப வேண்டும், வலது பக்கம் கூடவே கூடாது. ஆண்டியை மூன்று தடவை ஒப்பிக்கச் சொன்னான். ஆண்டி முகம் சுளிக்காமல் ஒப்பித்தான். பிறகு தொன்னைகளைத் தூக்கி, குடிக்கிறதைத் தலைமாட்டிலும் பூசுகிறதைக் கால்மாட்டிலும் வைத்தான். ஒன்பது நாளாக இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன.

அந்த நேரம் பார்த்து நரி மாமா வந்து பாயில் உட்கார்ந்தார். வலையில் சிக்கினது எப்படி, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்.

"கதையை நான் சொல்லுதேன், மாமா" என்றான் ஆண்டி. "முதல்ல ரெண்டு குடம் தண்ணி மொண்டு வாரும்."

"நான் பார்க்கத்தானப்பா வந்தேன்."

"அதான் பார்த்தாச்சுல்லா."

நரி மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாப் படுக்கையிலிருந்தும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடத்தை எடுத்தார். ஆமை அத்தைக்கும் ஆண்டி ஆள் அனுப்பினான். தினம் ஒரு மீன் அவள் பொறுப்பு, இப்போதே கிளம்பினால்தான் நாளைக்காவது வந்து சேருவாள்.

"பொழுது சாயுறதுக்குள்ள வந்து நிக்கணும்" என்று சுடலையிடம் கறாராகச் சொன்னான். "ராத்திரிதான் எனக்கு இரை. நான் போயாகணும்." வந்துவிடுவேன் என்று சுடலை சத்தியம் பண்ணினான்.

குளத்தில் இறங்கி ஒரு மீனைப் பிடித்தான். தண்ணீரிலேயே நின்று முழுசாகத் தின்றான். வளைக்குப் போய், கண்ணை மட்டும் கொஞ்சம் மூடலாம் என்று படுத்தான்.

விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. கிழக்கு வெயில்.

விழுந்தடித்து ஓடினான். பேச்சியைத் துரத்தியிருப்பார்கள், படுக்கை காலியாகக் கிடக்கும் என்று ஓடினான். டாக்டர் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டிருந்தார். புண்ணில் சிவப்பு குறைந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாராம். பேச்சி இடது பக்கம் திரும்பிக் கிடந்தாள். இந்தத் தடவை நிஜமாகவே குறட்டை விட்டாள். ஆண்டி ராத்திரி இரைக்குப் போகவில்லை. வயிறு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"ஏம்லே அதுக்குள்ள வந்தே?" என்றான். "அடுத்து இங்க கூட இருக்கிற முறை நரி மாமாவுக்கு. போய்க் குளிச்சிட்டு வா."

பொழுது சாய்வதற்குள் ஆண்டி வரச் சொல்லியிருந்தான். சுடலை வரவில்லை. பேச்சியின் மருந்து ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள், பக்கத்தில் தூங்காமல் நிற்கிறவரிடம் 'எதுனாலும் சொல்லுங்க' என்று சொல்லிவிட்டு வராமல், அவர் கையில் இருக்கிற வேலையில் ஒன்றை வாங்கிச் செய்ய வேண்டும்.