நாலாயிரம் வோல்ட்

"மேடம், நாலாயிரம் வோல்ட் தாங்கும்னு கணக்கு சொல்லுது. எனக்கு நம்பிக்கை வரமாட்டேங்குது," என்றார் சவரிமுத்து.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. மின்தேக்கி செய்யும் அந்தச் சின்னப் பட்டறையை நடத்திய வைதேகிக்கு முப்பத்தாறு. ஆனாலும் அங்கே கற்க வந்தவர் சவரிமுத்துதான்.

வந்த காரணத்தை முதல் நாளே சொல்லியிருந்தார். பழைய வேலையில் அவர் போட்ட கணக்கை நம்பி மின்னழுத்தத்தை ஏற்றியபோது மின்தேக்கி வெடித்தது. பக்கத்தில் நின்ற தேவசகாயத்துக்கு ஒரு கண் போயிற்று. இரண்டு வருஷமாக சவரிமுத்து எந்த சுவிட்சையும் தொடவில்லை. பயம் போகிற மாதிரி ஒரு கணக்கைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுத்தான் வந்தார்.

வைதேகி ஒரு வேலை கொடுத்தார். இருபது சென்டிமீட்டர் சதுரமாக இரண்டு செம்புத் தகடுகள். நடுவே கால் மில்லிமீட்டர் தாள். ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்துக்குப் போகவேண்டிய மின்தேக்கி அது. எத்தனை வோல்ட் வரை ஏற்றலாம் என்று மேலே சீட்டு ஒட்டவேண்டும்.

சவரிமுத்து பன்னிரண்டு தடவை போட்டுப் பார்த்தார். மின்தேக்குதிறன் ஐந்தேகால் நானோஃபாரட். தாள் ஒரு மில்லிமீட்டருக்குப் பதினாறாயிரம் வோல்ட் தாங்கும் என்றது புத்தகம். கால் மில்லிமீட்டருக்கு நாலாயிரம். பன்னிரண்டு தடவையும் அதே விடை.

வைதேகி கணக்கைப் பார்க்கவில்லை.

"தாள் எவ்வளவு தடிமன்?"

"கால் மில்லிமீட்டர்."

"எங்க?"

 சவரிமுத்து ஒரு மூலையில்தான் அளந்திருந்தார்.

அதே சுருளிலிருந்து இன்னொரு தாளை எடுத்துப் பட்டை பட்டையாக நறுக்கி, ஒவ்வோர் இடமாக அளந்தார். பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்தான். நடுவில் ஓரிடத்தில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பழைய பட்டறையிலும் மூலையில்தான் அளந்தோம் என்பது நினைவு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு, இரண்டு தாளாக வைத்துவிடலாமா என்று கேட்டார். இரட்டிப்பு மின்னழுத்தம் தாங்கும், ஆனால் மின்தேக்குதிறன் பாதியாகிவிடும், பள்ளிக்கூடம் கேட்டது ஐந்து நானோஃபாரட் என்றார் வைதேகி.

மறுநாள் காலை வைதேகி பத்துத் தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றையும் தகடுகளுக்கு நடுவே வைத்து, அது கிழியும்வரை மின்னழுத்தத்தை ஏற்றச் சொன்னார்.

சோதனை அறைக்குக் கம்பிக் கதவு. சுவிட்ச் வெளியே. ஒவ்வொரு தாளும் பட்டென்று வெடிக்கையில் சவரிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆறாவது தாளுக்குச் சட்டை நனைந்துவிட்டது. ஒன்பதாவதுக்கு, போதும் என்று கெஞ்சினார். வைதேகி பத்தாவதை எடுத்து நீட்டினார்.

ஒன்று மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தில் கிழிந்தது. ஒன்று இரண்டாயிரத்து முன்னூறிலேயே. எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

"இதுல எது சரி மேடம்?"

"சீட்டுல நீங்க எழுதுங்க. பாத்துக்கறேன்."

சவரிமுத்து வெகுநேரம் யோசித்தார். இரண்டாயிரத்து முன்னூறு என்று எழுதப்போய் நிறுத்தினார். பதினோராவது தாள் எப்படி இருக்குமோ. கடைசியில் தொள்ளாயிரம் என்று எழுதிக் கொடுத்தார்.

வைதேகி அதைப் படிக்கவில்லை. சோதனை அறைக்குள் போய்ப் பதினோராவது தாளைத் தகடுகளுக்கு நடுவே வைத்து ஒயர்களை மாட்டினார். ஒரு ஸ்டூலை இழுத்து, அதன் பக்கத்திலேயே, கையெட்டும் தூரத்தில், சீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போடுங்க சவரியண்ணே."

"மேடம், வெளிய வாங்க."

"நீங்க எழுதினதுதானே. போடுங்க."

சவரிமுத்துவின் கை சுவிட்ச் வரை போயிற்று. வைதேகி பாதுகாப்புக் கண்ணாடி கூட மாட்டியிருக்கவில்லை. இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து கையை எடுத்தார். உள்ளே போய் வைதேகியின் மடியிலிருந்த சீட்டை வாங்கி, தொள்ளாயிரத்தை அடித்துவிட்டு அறுநூறு என்று எழுதிக் கொடுத்தார்.

வைதேகி இந்தத் தடவை சீட்டைப் படித்தார். ஸ்டூலை விட்டு எழுந்து, அவரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். கம்பிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். தாழ் விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இப்பப் போடுங்க," என்றார்.