எது வரலாறு?

பாளையங்கோட்டையில் சிடிகளின் மேல் எழுத்தும் படமும் அச்சடிக்கிற பட்டறை ஒன்றைச் செண்பகவல்லி நடத்திவந்தார். கைபட்ட வேலை பிசகாது என்று பெயர் எடுத்தவர்.

காலண்டர் அச்சகத்தில் ஆப்செட் எந்திரம் ஓட்டிப் பழகிய பர்னபாஸ், தொழில் கற்க அவரிடம் வந்து சேர்ந்தார். வயதில் இவர்தான் மூத்தவர். ஆனாலும் "டீச்சர்" என்றே கூப்பிடுவார். செண்பகவல்லிக்கு இவர் "அண்ணாச்சி".

பட்டறையில் ஆப்செட்டும் இருந்தது, வலைத்துணி வழியாக மையைத் தேய்த்து இறக்குகிற ஸ்கிரீனும் இருந்தது. பர்னபாஸுக்கு ஸ்கிரீன் என்றால் இளக்காரம்.

"என்ன இருந்தாலும் ஆப்செட்டுக்கு ஈடு உண்டா டீச்சர்? முகத்துல இருக்கற மச்சம்கூடத் தெரியும்."

செண்பகவல்லி சிரித்தார்.

ஒருநாள் ஒரு பள்ளியிலிருந்து போன் வந்தது. பாடங்களைப் பேசிப் பதிவு செய்த சிடிகள். பரீட்சை நெருங்குகிறது. ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி அச்சடித்துத் தரவேண்டும்.

"நானே மாதிரி போட்டுப் பாக்கட்டுமா?" என்றார் பர்னபாஸ்.

"போடுங்க அண்ணாச்சி."

அவர் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். வரலாற்றுக்குச் செம்மண் நிறத்தில் ஒரு கோட்டை. அறிவியலுக்கு இலைப்பச்சை. தமிழுக்கு நீலத்தில் கடல். செண்பகவல்லி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என் கையால இப்படி வராது அண்ணாச்சி," என்றார்.

பர்னபாஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் பள்ளி ஆசிரியை வந்தார். பெயர் ஜெயராணி. கையில் வெள்ளைக் கோல். வாசல்படியைக் கோலால் தட்டிப் பார்த்து ஏறினார்.

பர்னபாஸ் எழுந்தவர் அப்படியே நின்றார். செண்பகவல்லி மாதிரிச் சிடிகளைப் பார்த்தார். பிறகு, "குடுங்க அண்ணாச்சி," என்றார்.

ஜெயராணி மூன்று சிடிகளையும் விரலால் தடவினார்.

"வழவழன்னு நல்லா இருக்கு. இதுல எது வரலாறு?"

பர்னபாஸ் தன் கோட்டைப் படத்தைப் பார்த்தார்.

"பிள்ளைகளுக்கும் பார்வை கிடையாது சார். பிரெய்ல் ஸ்டிக்கர் ஒட்டிப் பாத்தோம். உரிஞ்சு பிளேயருக்குள்ள சிக்கிக்கிடுச்சு. போன வாரம் ஒரு பிள்ளை தமிழ்னு நினைச்சு அறிவியலைப் போட்டுட்டு, அழுதுட்டே வந்தா. பிளேயர் எங்கன்னு தேடி எடுத்துருவா. சிடியைத்தான் யாராவது எடுத்துக் குடுக்கணும்."

"கொஞ்சம் உக்காருங்க," என்றார் செண்பகவல்லி.

பிரெய்ல் புள்ளிகளை ஜெயராணி சொல்லச் சொல்லச் செண்பகவல்லி கேட்டு வரைந்தார். முரட்டு வலைத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். ஓரிடத்தில் கனம் கூடினால் சிடி சுழலும்போது ஆடும் என்று, புள்ளிகளை வட்டமாகச் சுற்றி வரும்படி அமைத்தார். கெட்டி மை. ஒரு பூச்சு, விளக்கொளியில் உலர்த்தல். அதன்மேல் இன்னொரு பூச்சு. பர்னபாஸ் சிடியை வைத்து வைத்து எடுத்தார். செண்பகவல்லியின் கை ஒரு மயிரிழை விலகவில்லை. புள்ளி மேல் புள்ளி அப்படியே உட்கார்ந்து எழும்பியது. எத்தனையோ எந்திரம் பார்த்த மனிதர், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

காய்ந்ததும் அவரே கொண்டுபோய் ஜெயராணியின் கையில் வைத்தார்.

விரல் மெல்ல நகர்ந்தது.

"வ... ர... லா..." ஜெயராணி நிறுத்தினார். முகம் மலர்ந்துவிட்டது. "இனிமே யாரையும் கூப்பிட வேண்டாம். அவளே எடுத்துப் போட்டுக்கிடுவா!"

ஜெயராணி போன பிறகு, வலைத்துணியில் ஒட்டிய மையைச் செண்பகவல்லி துடைத்துக்கொண்டிருந்தார். பர்னபாஸ் தன் கோட்டைப் படம் போட்ட சிடியைக் குப்பைக் கூடையில் போடப் போனார். செண்பகவல்லி கையை நீட்டி அதை வாங்கி, சுவரில் ஆணியில் மாட்டினார்.

"இவ்வளவு நாளும் தெரியாமப் பேசிட்டேன் டீச்சர்," என்றார் பர்னபாஸ். "ஸ்கிரீன்தான் உசத்தி."

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தார்.

"யாருக்கு அண்ணாச்சி?"