கரையாத வில்லை

மண் பிள்ளையார் செய்யக் கற்றுக்கொடுக்கும் தவமணிக்கு முப்பது வயது. அவளிடம் கற்க வந்த சங்கையாவுக்கு நாற்பத்தெட்டு. பன்னிரண்டு வருடம் அச்சில் பிளாஸ்டர் பிள்ளையார் வார்த்தவர் அவர். ஒவ்வொன்றின் அடியிலும் 'சங்கையா' என்று பதிந்திருக்கும்.

போன கோடையில் கண்மாய் வற்றியபோது, அவர் வார்த்த பிள்ளையார்கள் மூக்கு முழி மாறாமல் சேற்றில் கிடந்தார்கள். ஊரே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பெயரை வாசித்தது. மறுவாரம் சங்கையா அச்சுகளை மூட்டை கட்டிப்போட்டுவிட்டுத் தவமணியின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்.

மண் சீக்கிரமே கைக்குப் படிந்தது. ஒரே ஒரு கேள்விதான் அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

"டீச்சரம்மா, கரைஞ்சு போறதைச் செஞ்சா, செஞ்சது யாருன்னு எப்படித் தெரியும்?"

"தும்பிக்கை இன்னும் கொஞ்சம் வளையணும் அண்ணே," என்றாள் தவமணி.

ஆடி மாதம் டவுன் விழாக் கமிட்டியிலிருந்து பெத்துராஜ் வந்தார். நூறு சிலை வேண்டும். ஆனால் முதலில் சங்கையா செய்த ஒன்றை அண்டாத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். அரை மணியில் கரைய வேண்டும். தண்ணீரைச் சல்லடையில் ஊற்றினால் எதுவும் தங்கக் கூடாது. தேறினால் நூறும் சங்கையாவுக்கு. இல்லையென்றால் இந்த வருடம் அவருக்குப் பிள்ளையார் வேலையே இல்லை.

தெருவே அண்டாவைச் சுற்றி நின்றது. முதலில் காது போனது. பிறகு தும்பிக்கை. தொப்பை பொதபொதவென்று சரிந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். அண்ணன் செய்த பிள்ளையார் கரைகிறதை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று யாரோ சொல்ல, சங்கையாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருபது நிமிடத்தில் அண்டாவில் கலங்கல் தண்ணீர் மட்டும்தான்.

சல்லடையில் ஊற்றினார்கள். டொக்கென்று ஒரு சத்தம்.

காசளவு வில்லை. பிள்ளையாரின் வயிற்றுக்குள் அவர் யாருக்கும் தெரியாமல் வைத்தது. சூளையில் சுட்டது. அதில் 'சங்கையா'.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெத்துராஜ் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொன்று இருந்தால் கொண்டுவரச் சொன்னார், அதுதான் கடைசி வாய்ப்பு என்றார்.

இன்னொன்று இருந்தது. அதனுள்ளும் பெயர் இருந்தது. சங்கையா தவமணியைப் பார்த்தார். அவள் ஓர் ஆணியை எடுத்து நீட்டினாள்.

மூன்று நாள் இழைத்து மெழுகிய பீடம். அதன் அடியிலிருந்து வயிறு வரை குடைந்து வில்லையை எடுத்தார். பெரிய ஓட்டை. அப்படியே கொண்டுபோய் அண்டாவில் இறக்கினார்.

இதுவும் அரை மணிக்குள் கரைந்தது. சல்லடை வழியே தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. கடைசிச் சொட்டும் போனது. பெத்துராஜ் வெறும் சல்லடையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட, குலவை தெருமுனை வரை போனது. நூறும் உங்களுக்குத்தான் என்றார்.

சங்கையாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளங்கையில் இரண்டு வில்லைகளையும் வைத்துத் தவமணியிடம் நீட்டினார்.

"நூறுலயும் இதை வைக்க மாட்டேன். சரி. அப்ப நான் செஞ்சேங்கிறதுக்கு என்னம்மா இருக்கு?"

தவமணி ஒரு வில்லையை எடுத்தாள். முந்தானையில் துடைத்துப் படித்தாள்.

"நீங்க செஞ்சது இதுதானா அண்ணே? அப்ப கரைஞ்சதெல்லாம் யார் செஞ்சது?"