எட்டாவது குரல்

மலையடிவாரத்து மடத்தின் குரு வடிவம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளிடம் பாடம் கேட்கும் ஆவுடைநாயகமோ ஆயுசு முழுக்க ஓர் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். அதனால் குரு சீடரை ஐயா என்பாள், சீடர் குருவை அம்மா என்பார். கேட்பவர்களுக்குத்தான் குழப்பம், அவர்களுக்கு இல்லை.

ஒருநாள் காலை அவர் கைபேசியும் கையுமாக வந்து நின்றார்.

"அம்மா, ஓய்வுப் பணம் மொத்தமும் பேங்க்ல கெடக்கு. நானும் என் வீட்டுக்காரியும் கண்ணை மூடுற வரைக்கும் அதுதான் சோறு, அதுதான் மருந்து. வயசானவங்களுக்குன்னே ஒரு திட்டம் வந்திருக்காம். மூணே வருஷத்துல ரெண்டு மடங்காம். சாயங்காலத்துக்குள்ள போடணும்கிறாங்க. போடட்டுமா?"

"விசாரிச்சீங்களா, ஐயா?"

"விசாரிக்காம இருப்பேனா? ஒரு வாரமா இந்த போன்லயேதான் கெடக்கேன். ஏழு இடத்துல நல்ல திட்டம்னு எழுதியிருக்கு."

"யாருமே மாத்திச் சொல்லலையா?"

"அரசாங்கத்துப் பக்கம் ஒண்ணுல மட்டும், இந்தப் பேர்ல நிறுவனமே பதிவாகலைன்னு இருந்துச்சு. ஏழு எங்க, ஒண்ணு எங்க?"

வடிவம்மை எழுந்தாள். "வாங்க, மேல போவோம்."

மூட்டுவலியைத் திட்டிக்கொண்டே மனிதர் பின்னால் ஏறினார். உச்சிக்கு அவர் அதுவரை வந்ததே இல்லை. எதிரே பெரும் பள்ளம். அதைச் சுற்றி வானத்தை முட்டிக்கொண்டு பாறைகள். பார்த்ததும் அவருக்கு வலி மறந்துபோனது.

"உங்களுக்கு என்ன பதில் வேணுமோ, அதைக் கத்துங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் குரு சொல்லைத் தட்ட முடியுமா? "நல்ல திட்டம்!" என்று கத்தினார். வயசான தொண்டை, கடைசியில் கீச்சென்று உடைந்தது.

நல்ல திட்டம் என்றது ஒரு பாறை. நல்ல திட்டம் என்றது அடுத்தது. இடமும் வலமும் மாறி மாறி மலையே எழுந்து பேசியது. ஆவுடைநாயகத்துக்கு மயிர் சிலிர்த்தது, கை தானாகக் குவிந்தது.

"எத்தனை குரல், ஐயா?"

"ஏழுக்குக் குறையாது அம்மா! அத்தனையும்..."

அவர் நிறுத்திவிட்டார். அத்தனை குரலும் அதே இடத்தில் கீச்சென்று உடைந்திருந்தன. அவசரமாகக் கைபேசியைத் தடவினார்.

"அம்மா, ஏழு பக்கத்துலயும் ஓய்வூதியத்தை 'ஓய்வுதியம்'னு தப்பாப் போட்டிருக்கான். ஏழுலயும் அதே பிழை! பிழை பாத்தே வயிறு வளர்த்த கண்ணு, ரெண்டு மடங்குன்னதும் அவிஞ்சு போச்சே!"

அப்போது பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருவே அங்க கத்துறது? அங்கனயே நில்லும்! பாறை பூரா பாசி, வழுக்கிரும்!"

கீழே யாரோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடைநாயகம் குனிந்து பார்த்தார். அவருடைய கால் கட்டைவிரல் பச்சைப் பாசியின் மேல் இருந்தது. மெல்லப் பின்வாங்கினார்.

"நான் கத்தினதை இந்தக் குரல் மட்டும் திருப்பிச் சொல்லலையே, அம்மா?"

வடிவம்மை பள்ளத்தை நோக்கிக் கைகூப்பினாள்.

"அங்க ஆள் இருக்காங்க, ஐயா."