பர்னாந்து வீட்டுத் தரை

"நல்ல பலகைக்கும் மட்டப் பலகைக்கும் வித்தியாசம் தெரிஞ்சவன் இந்த ஊர்ல ஒருத்தன்கூட இல்லம்மா" என்றார் கோமதிநாயகம்.

ஊரார் மனக்குறையோடு தேடி வரும் துறவியான மடத்து அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

கோமதிநாயகம் தூத்துக்குடியில் தரைப்பலகை வியாபாரி. கப்பலில் வரும் வெளிநாட்டுச் சரக்கு. மேலே அசல் மரம், அடியில் ஒட்டிய அடுக்குகள். மேல்மரம் கனமாக இருந்தால் பேரன் காலம்வரை கிடக்கும். மெல்லிசாக இருந்தால் ஒரு அடைமழை போதும், ஓரம் தூக்கிக்கொள்ளும். போட்ட அன்றைக்கு மட்டும் இரண்டும் ஒன்றுபோல் மினுங்கித் தொலைக்கும். வம்பே அங்கேதான்.

"எதிர்க்கடை பர்னாந்து மெல்லிசுச் சரக்கை இறக்கிப் பாதி விலைக்குக் கொடுத்தான். சனமெல்லாம் அங்க போய் மொய்ச்சிட்டு. முடிஞ்சமட்டும் தாக்குப்பிடிச்சேன். கடைசியில நானும் மெல்லிசுக்கே மாறிட்டேன்."

"வியாபாரம் திரும்பிச்சா?"

"இல்லம்மா. அதான் வயித்தெரிச்சல்."

"வித்தியாசம் தெரிஞ்சவன் ஒருத்தன்கூடவா இல்ல?"

அவர் நெளிந்தார்.

"ஒருத்தன் உண்டு. அந்தப் பர்னாந்துதான்." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மகளுக்குப் புது வீடு கட்டினான். கடையில ஆளில்லாத நேரம் பார்த்து வந்து நின்னான். 'நான் விக்கிறதை நம்ம பிள்ளை வீட்ல போட முடியுமா அண்ணாச்சி? உங்க சரக்கு குடுங்க'ன்னான். நான் மெல்லிசுக்கு மாறினது அவனுக்குத் தெரியாது; பழைய கனமான சரக்கும் கிடங்குல கொஞ்சம் கிடந்திச்சு."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எதை?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"மெல்லிசுச் சரக்கைத்தான்" என்றார். "என்னை நம்பி ஒரு பலகையைக்கூட அவன் புரட்டிப் பார்க்கல. அவன் செஞ்சது அவனுக்கே திரும்பட்டுமேன்னு..."

அம்மா கீரைத்தட்டை நகர்த்தி வைத்தார்.

"அந்த வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வா. அப்புறம் பேசுவோம்."

ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். போனார்.

மழைக்காலம் இன்னும் தொடங்கவில்லை. தரை கண்ணாடியாய் மினுங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். பர்னாந்து வாசலுக்கே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க அண்ணாச்சி! இப்பத்தான் உங்க பேச்சு." அப்படியே சம்பந்தி பக்கம் திரும்பினார். "இந்தத் தரை யார் கடைச் சரக்குன்னு கேட்டீங்கல்லா, இவங்கதான். எனக்கும் இவங்களுக்கும் என்னைக்குமே ஆகாது. ஆனா ஒண்ணு சொல்லுதேன், நான் விக்கிற மாதிரி சரக்கை இவங்க கையால தொடமாட்டாங்க."

கோமதிநாயகத்துக்கு வாசற்படி தாண்டக் கால் எழவில்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டப் பார்த்தார். அதுவும் முடியவில்லை. மானமே போய்விட்டதுபோல் இருந்தது அவருக்கு. இத்தனைக்கும் அங்கே இருந்த ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

"உள்ள வாங்க அண்ணாச்சி, ஏன் நிக்கீங்க?"

"கையை விடும், பர்னாந்து" என்றார் கோமதிநாயகம்.