இலை ஓரத்து உருண்டை

மலையடி மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி வாங்க வந்தவர், தான் விட்டுவந்தது ஒவ்வொன்றும் இப்போது யார் கையில் இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

நாற்பது நாள் காத்திருந்த திருமேனிக்கு அன்றைக்கு முறை வந்தது. மடத்துத் தலைவி மங்கையம்மை, அவரைவிடப் பத்து வயது இளையவர், மடியில் காவித் துணியோடு உட்கார்ந்திருந்தார்.

“வீடு?”

“மகள் கையில், அம்மா.”

“பசுமாடு?”

“பக்கத்து வீட்டு இருளாயி கையில். கன்னுக்குட்டியோட.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“தினமும் சாப்பிடும்போது இலை ஓரத்தில் ஒரு சோத்து உருண்டை ஒதுக்குறீங்களே, அது யாருக்கு?”

திருமேனி தலையைச் சொறிந்தார். “கைப்பழக்கம், அம்மா. நாய் ஒன்னு இருந்துச்சு. மிளகுன்னு பேரு.”

“மிளகு யார் கையில்?”

“பற்று கூடாதுன்னுதானே... வர்ற வழியில சந்தைப்பேட்டையில இறக்கி விட்டுட்டேன். கறிக்கடை இருக்கு, பிழைச்சுக்கும்.”

“திரும்பிப் பார்த்தீங்களா?”

“இல்லை. பாலம் வரைக்கும் வண்டி பின்னாலயே ஓடி வந்துச்சு.”

மங்கையம்மை காவித் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தார். அன்றைய உருண்டையை இலையில் பொட்டலம் கட்டி அவர் கையில் கொடுத்தார்.

“கிடைக்கலைன்னா, அம்மா?”

“முதல்ல தேடுங்க.”

மூன்றாம் நாள் மத்தியானம், மடத்துக் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு முதலில் மிளகு வந்தது. பின்னால் திருமேனி, வேட்டியெல்லாம் சேறு.

“பாலத்தடியிலேயே கிடந்துச்சு, அம்மா. டீக்கடைக்காரர் பன்னு போட்டிருக்கார். என்னைப் பார்த்ததும் குரைச்சுச்சு பாருங்க, அத்தனையும் வசவு!”

“எனக்கும் அந்தப் பாஷை தெரிஞ்சா நாலு சேர்த்துச் சொல்லியிருப்பேன்.”

மங்கையம்மை நாயின் விலாவைத் தடவிப் பார்த்தார். காதுக்குள் இருந்த உண்ணியைப் பிடுங்கி எறிந்தார்.

“இப்போ யார் கையில்?”

“என் கையிலதான்.”

“வயசு?”

“நாலு.”

“நல்லாப் பார்த்துக்கிட்டா இன்னும் பத்து வருஷம் இருக்கும். வருஷா வருஷம் போடுற வெறிநோய் ஊசி எப்போ?”

திருமேனி விரல் விட்டு எண்ணினார். “நாளைக்குத்தான், அம்மா.” பெட்டியைப் பார்த்தார். “அப்போ என் காவி?”

“அது பத்து வருஷமும் மடிச்சபடியே இருக்கும். டவுன் மாட்டாஸ்பத்திரிக்கு முதல் பஸ் ஆறு மணிக்கு.”